டாலர் யார் தலையில்?

2008 மார்ச் மாத நடுவில் ஒரு அமெரிக்க டாலரைக் கொடுத்தால் ஒரு சுவிஸ் பிராங்க்கூட முழுதாகக் கிடைக்காது என்ற நிலை சரித்திரத்திலேயே முதல் தடவையாக வந்தது. ஜூரிச்சில் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்து ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது நல்ல சேதி. அவர் சம்பளம் அதே சம்பளம்தான், ஊரில் போய் இறங்கும் தொகை மட்டும் கூடியது. திருப்பூரில் அதே சேதி இடியாக விழுந்தது. சுவிட்சர்லாந்துக்கு ஒரு டஜன் பனியன்கூட ஏற்றுமதி செய்தறியாத கம்பெனிகளின் கணக்கில், பிராங்க் ஏறியதற்காக லட்சம் லட்சமாகப் பற்று எழுதியிருந்தது பேங்க்.

பனியன் தைக்கிறவருக்கும் பிராங்க்குக்கும் என்ன சம்பந்தம்? திருப்பூர் அன்று கேட்ட கேள்வி இது. துபாயிலும் சிங்கப்பூரிலும் உழைத்துச் சேர்க்கிற நம்மவர்களும் வேறு வடிவத்தில் இதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். கரன்சி ஏறும், இறங்கும். அதை யாரும் தடுக்க முடியாது. அந்த ஏற்ற இறக்கத்தின் ஆபத்தை யார் சுமக்கிறார்கள் என்பது மட்டும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், ஒவ்வொரு டெபாசிட் படிவத்திலும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்தான் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை.

திருப்பூரில் ஓர் ஆர்டரின் தலையெழுத்து காஸ்ட்டிங் ஷீட்டில் தொடங்குகிறது. நூல் கிலோ என்ன விலை, நிட்டிங் கூலி, சாயம், காம்பாக்டிங், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பாலிபேக், அட்டைப்பெட்டி, தூத்துக்குடி வரை லாரி வாடகை என்று எல்லாம் ரூபாயில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். வேஸ்டேஜுக்கு இத்தனை சதவீதம், லாபத்துக்கு இத்தனை என்று சேர்த்து மொத்தம் போட்டதும் கடைசி வரியில் ஒரு வகுத்தல். மொத்தத்தை டாலர் ரேட்டால் வகுத்தால், பையரிடம் சொல்ல வேண்டிய விலை வந்துவிடும். மேலே உள்ள ஒவ்வொரு வரியிலும் பேரம் பேசலாம். நூல்காரரிடம் கடன் சொல்லலாம், ஜாப் ஒர்க்காரரிடம் பத்துப் பைசா குறைக்கச் சொல்லலாம். கடைசி வரியில் இருக்கும் அந்த ஒரு எண்ணை மட்டும் யாரிடமும் பேசி வாங்க முடியாது.

விலை சொல்வது இன்றைக்கு. நூல் வாங்கி, துணி ஓட்டி, சாயம் போட்டு, தைத்து, ஷிப்மெண்ட் ஆவதற்கு மூன்று மாதம். பணம் வர இன்னும் இரண்டு மூன்று மாதம். அந்த ஐந்தாறு மாதத்தில் டாலர் என்ன ஆகும் என்பதுதான் எல்லாப் பிரச்சினைக்கும் மூலம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லட்சம் டி-ஷர்ட், பீஸ் 2 டாலர். மொத்தம் 2 லட்சம் டாலர். 44 ரூபாய் ரேட்டில் 88 லட்சம் வர வேண்டும். அடக்கம் 80 லட்சம், லாபம் 8 லட்சம் என்று நினைத்து ஆர்டர் பிடித்தாயிற்று. பணம் வரும் நாளில் டாலர் 39 ரூபாய் 50 காசு. கைக்கு வருவது 79 லட்சம். லாபம் முழுதும் போய், கைக்காசும் ஒரு லட்சம் போகிறது. மெஷின் பழுதாகவில்லை, பையர் சரக்கைத் திருப்பவில்லை, ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகவில்லை. ஆனாலும் நஷ்டம்.

2007-ல் நடந்தது இதேதான். அந்த வருட மார்ச் தொடக்கத்தில் டாலர் 44 ரூபாய்க்கு மேல் இருந்தது. மே மாதத்தில் 41-க்குக் கீழே வந்து, அக்டோபரில் 39 ரூபாய்ச் சில்லறையில் நின்றது. உலகமெங்கும் டாலர் பலம் இழந்துகொண்டிருந்த நேரம். நம் பங்குச் சந்தையில் வெளிநாட்டுப் பணம் கொட்டிக்கொண்டிருந்தது. மும்பையில் சென்செக்ஸ் 20,000 தொட்டதைப் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். அதே வெளிநாட்டுப் பணம்தான் ரூபாயை உயர்த்தி, திருப்பூர் அவிநாசி ரோட்டில் ஷிப்டைக் குறைத்தது. ஜூலையில் மத்திய அரசு ஏற்றுமதியாளர்களுக்கு டிராபேக் விகிதத்தை உயர்த்தியது, கடன் வட்டியில் 2 சதவீதம் சலுகை தந்தது. ரூபாய் ஏறிய வேகத்துக்கு இவை போதவில்லை.

1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததிலிருந்து திருப்பூரின் ஏற்றுமதிக் கதையைத் தொடங்குவார்கள். அன்று முதல் ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் டாலர் பெரும்பாலும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. 1991 ஜூலையில் இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது 21 ரூபாயிலிருந்து 26 ரூபாய் அளவுக்குப் போனது. 2002-ல் 49 வரை போனது. டாலர் ஏறும், பணம் வரத் தாமதமானாலும் ஆதாயமே என்று பழகிப்போன ஊர் இது. சரிவதற்கு யாரும் தயாராக இல்லை. அந்தத் தவிப்பான நேரத்தில்தான் கோட்டு போட்ட இளைஞர்கள் லேப்டாப்போடு வந்தார்கள்.

"ஜீரோ காஸ்ட்"

பார்வர்டு என்பது திருப்பூருக்குப் புதிதல்ல. மூன்று மாதம் கழித்து வரும் டாலரை இன்றைக்கே ஒரு ரேட்டுக்கு பேங்க்கிடம் விற்று வைத்துவிடுவது. டாலர் இறங்கினால் தப்பித்தோம். ஏறினால் அந்த ஆதாயம் நமக்கில்லை. சாதுவான ஏற்பாடு, பெரிதாக லாபம் காட்டாது. 2007-ல் பார்வர்டு போட்டு வைத்திருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். போடாதவர்கள் விட்டதைப் பிடிக்க வழி தேடினார்கள்.

பேங்க்குகளின் டிரஷரி பிரிவிலிருந்து வந்த திட்டங்களின் பொதுவான அச்சு இப்படி இருக்கும். மார்க்கெட்டில் பார்வர்டு ரேட் 40 என்றால், உங்களுக்கு மட்டும் 41 தருகிறோம், பிரீமியம் ஒரு பைசா வேண்டாம். ஆனால் இடையில் டாலர் 43-ஐத் தொட்டுவிட்டால், ஒரு மடங்குக்குப் பதில் இரண்டு மடங்கு டாலரை அதே 41-க்கு நீங்கள் தர வேண்டும். இன்னொரு அச்சில் ரூபாயே கிடையாது. டாலரும் பிராங்க்கும்தான். வருடத்துக்குள் டாலர் 1.10 பிராங்க்கைத் தொடாதவரை இவ்வளவு டாலர் சும்மா உங்களுக்கு. தொட்டுவிட்டால், குறிப்பிட்ட தொகை டாலரை 1.30 பிராங்க் வீதம் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். (எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை, நிஜ ஒப்பந்தங்கள் இதைவிடச் சிக்கலானவை.) கூடவே பத்துப் பதினைந்து வருட வரைபடம் ஒன்றைக் காட்டுவார்கள். டாலர் 1.10-க்குக் கீழே போனதே இல்லை, பாருங்கள்!

பத்து லட்சம் டாலருக்கு இப்படி ஒரு ஒப்பந்தம் போட்டவரின் நிலை என்ன? முதலில் பத்தாயிரம் டாலர், அதாவது அன்றைய ரேட்டில் நான்கு லட்சம் ரூபாய், சும்மா வந்திருக்கலாம். டாலரும் பிராங்க்கும் ஒன்றுக்கொன்று சமமான நாளில், ஒரு பிராங்க் மதிப்புள்ள டாலரை 1.30-க்கு வாங்க வேண்டும். டாலருக்கு 30 சென்ட் நஷ்டம். மொத்தம் மூன்று லட்சம் டாலர், ஒன்றேகால் கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. நான்கு லட்சத்துக்கு ஆசைப்பட்டு ஒன்றேகால் கோடி.

ஜீரோ காஸ்ட் என்றால் செலவில்லை என்று அர்த்தமல்ல. செலவை வேறு வழியில் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். உங்கள் வீட்டுக்கு இன்சூரன்ஸ் வேண்டும், பிரீமியம் கட்டக் காசில்லை. சரி, அதற்குப் பதில் தெருவில் இருக்கிற மற்ற மூன்று வீட்டுக்கும் தீப்பிடித்தால் நீங்கள் பணம் தருவதாக எழுதிக் கொடுங்கள் என்பதுதான் அந்த ஏற்பாடு. ஆப்ஷனை, அதாவது இன்சூரன்ஸை, வாங்கியதாக நினைத்த ஏற்றுமதியாளர், பெரிய ஆப்ஷன் ஒன்றை விற்றிருந்தார். ரிசர்வ் பேங்க்கின் விதிப்படி, நிஜமான வியாபாரத்தில் வரும் கரன்சி ஆபத்தை மூடுவதற்குத்தான் இந்த ஒப்பந்தங்கள். டாலரில் சம்பாதிக்கிற பனியன் கம்பெனிக்குப் பிராங்க்கில் மூடுவதற்கு என்ன ஆபத்து இருந்தது?

இதில் ஏற்றுமதியாளர்கள் எல்லோரும் ஏமாந்த அப்பாவிகள் என்று எழுதுவது சுலபம். எனக்கு அது முழு உண்மையாகத் தெரியவில்லை. முதல் சில ஒப்பந்தங்களில் சும்மா வந்த டாலரைப் பலரும் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார்கள். ஒருவருக்கு வந்ததைப் பார்த்துப் பக்கத்து கம்பெனிக்காரரும் பேங்க்குக்குப் போன் போட்டார். அதற்காகப் பழியைச் சரிபாதியாகப் பிரிக்கவும் முடியாது. எட்டாவது படித்துவிட்டு டெய்லராகத் தொடங்கி முதலாளியானவரும், கரன்சி மாடல்களையே தொழிலாகப் படித்த டிரஷரிக்காரரும் ஒரு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தால் அது சமமான பேரம் ஆகாது. அதிலும் அந்த பேங்க்தான் பேக்கிங் கிரெடிட் தருகிறது, லிமிட்டை வருடா வருடம் புதுப்பிக்கிறது. வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

அடி இரண்டு பக்கமும் விழுந்தது. மார்ச்சில் பிராங்க். அதே 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு பேங்க் லேமன் பிரதர்ஸ் விழுந்ததும் ரூபாய் சரிந்து 50-ஐத் தாண்டியது. 41-க்கு இரண்டு மடங்கு டாலர் தர ஒத்துக்கொண்டவர்கள், ஏற்றுமதியாளனுக்குப் பொற்காலமாக இருந்திருக்க வேண்டிய ரேட்டில் மேலும் கடனாளி ஆனார்கள். டாலர் இறங்கியபோதும் நஷ்டம், ஏறியபோதும் நஷ்டம்!

சூதாட்டம் இல்லை என்றது கோர்ட்

கோவையின் ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனமும் இதே சுழலில் சிக்கியது. 2007 ஜூனில் ஆக்சிஸ் பேங்க்கோடு செய்த டாலர்–பிராங்க் ஒப்பந்தம் செல்லாது என்று அது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. இது வெறும் பந்தயம்தானே என்பது வாதங்களில் ஒன்று. 2008 அக்டோபர் 14 அன்று நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் அளித்த தீர்ப்பு இந்த வாதத்தை ஏற்கவில்லை. ரிசர்வ் பேங்க் சட்டத்தில் 2006-ல் சேர்த்த 45-வி பிரிவு, பேங்க் ஒரு தரப்பாக இருக்கும் இத்தகைய டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தந்திருந்தது.

திருப்பூரில் பாதிக்கப்பட்டவர்கள் ஓர் அமைப்பாகத் திரண்டு டெல்லி வரை மனுக் கொடுத்தார்கள். ஒடிசா உயர் நீதிமன்றத்தில் போடப்பட்ட பொதுநல வழக்கின் பேரில் சி.பி.ஐ. விசாரணைவரை விஷயம் போனது. கடைசியில் 2011 ஏப்ரலில் ரிசர்வ் பேங்க், டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக 19 பேங்க்குகளுக்கு அபராதம் போட்டது. அரசு பேங்க், தனியார் பேங்க், வெளிநாட்டு பேங்க் எல்லாம் பட்டியலில் இருந்தன. அபராதத் தொகை, பேங்க் ஒன்றுக்கு 5 லட்சம் முதல் 15 லட்சம் ரூபாய்வரை. மேலே போட்ட கற்பனைக் கணக்கில் ஒரு கம்பெனியின் நஷ்டமே ஒன்றேகால் கோடி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தத் தொகையைப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் சேர்த்த காசு

இதே கண்ணோடு வெளிநாட்டு இந்தியர்களின் (என்.ஆர்.ஐ.) டெபாசிட்டுகளைப் பார்த்தால் ஒரு பழைய கதை கிடைக்கிறது. 1975-ல் தொடங்கிய எஃப்.சி.என்.ஆர். கணக்கில், வெளிநாட்டு இந்தியர் டாலரில் போட்டால் டாலரிலேயே திரும்பக் கிடைக்கும். நடுவில் ரூபாய் சரிந்தால் அந்த நஷ்டத்தை ரிசர்வ் பேங்க் ஏற்றுக்கொள்ளும். நல்ல காலத்தில் இது யாருக்கும் கனமாகத் தெரியவில்லை. 1991-ல் கஜானா காலியாகி, தங்கத்தை அடகு வைக்கும் நிலை வந்தபோது வெளிநாட்டு டெபாசிட்தாரர்களும் பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள். ரூபாய் மதிப்பு குறைந்தது. சுமை ரிசர்வ் பேங்க் தலையில். 1993-ல் எஃப்.சி.என்.ஆர். (பி) என்று புதுத் திட்டம் போட்டு, கரன்சி ஆபத்தை பேங்க்குகள் பக்கம் தள்ளினார்கள். பழைய திட்டத்தை 1994-ல் மூடினார்கள். டெபாசிட்தாரருக்கு இரண்டிலும் ஒரே பாதுகாப்பு. பின்னால் நின்று சுமப்பவர்தான் மாறினார்.

என்.ஆர்.இ. கணக்கு அப்படியல்ல. அங்கே பணம் உள்ளே வந்ததும் ரூபாயாகிவிடும். ஆபத்து முழுதும் டெபாசிட்தாரர் தலையில். 2011 டிசம்பரில் என்.ஆர்.இ. வட்டிக்கு இருந்த உச்சவரம்பை ரிசர்வ் பேங்க் நீக்கியதும் பேங்க்குகள் 9 சதவீதம், அதற்கு மேலும் தருவதாக விளம்பரம் செய்தன. துபாயில் ஒன்றரை சதவீதம் கிடைக்காதவருக்கு 9 சதவீதம், அதுவும் இந்தியாவில் வரியில்லாமல். 2012 பிப்ரவரியில், டாலர் 49 ரூபாய் அளவில் இருந்தபோது, 10,000 டாலர் போட்டவருக்கு 4.9 லட்சம் ரூபாய் கணக்கில் ஏறியிருக்கும். ஒன்றரை வருட வட்டியோடு சுமார் 5.6 லட்சம். 2013 ஆகஸ்ட் 28-ல் டாலர் 68 ரூபாய் 80 காசைத் தாண்டியது. அன்று அந்த 5.6 லட்சத்தைத் திரும்ப டாலராக்கினால் ஏறக்குறைய 8,100 டாலர். வட்டி வாங்கியும் முதலில் ஏறக்குறைய இரண்டாயிரம் டாலர் காணோம்.

இது நஷ்டமா? ஊரில் வீடு கட்டப்போகிறவருக்கு நஷ்டமே இல்லை. அவருக்கு சிமென்ட்டும் கம்பியும் ரூபாயில். பையனை மெல்பர்னில் படிக்க வைப்பவருக்குப் பெரிய நஷ்டம். எந்த நாட்டுக் காசில் சம்பாதிக்கிறோம் என்பதைவிட எந்த நாட்டுக் காசில் செலவழிக்கப்போகிறோம் என்பதைப் பார்த்துத்தான் டெபாசிட்டின் கரன்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வட்டி விகிதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர், தெரிந்தோ தெரியாமலோ ரூபாய் சரியாது என்று பந்தயம் கட்டுகிறார்.

அந்த 2013 சரிவை நிறுத்த, ரிசர்வ் பேங்க் கவர்னராகப் பதவியேற்ற நாளிலேயே ரகுராம் ராஜன் ஒரு ஜன்னலைத் திறந்தார். மூன்று வருடம், அதற்கு மேலான எஃப்.சி.என்.ஆர். (பி) டெபாசிட்டை பேங்க்குகள் திரட்டினால், கரன்சி ஆபத்தை வருடத்துக்கு 3.5 சதவீதச் செலவில் ரிசர்வ் பேங்க்கே ஏற்கும். மார்க்கெட்டில் அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவாகும் காலம். நவம்பர் முடிவதற்குள் இந்த வழியில் சுமார் 26 பில்லியன் டாலர் வந்து சேர்ந்தது. 1975-ன் ஏற்பாடு, குறைந்த காலத்துக்கு, வேறு பெயரில் திரும்ப வந்தது என்றும் சொல்லலாம். யார் ஆதாயம் அடைந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலும் துபாயிலும் வசதியான என்.ஆர்.ஐ.களுக்கு, அவர்கள் போட்ட பணத்தைப்போல் பல மடங்கு கடன் கொடுத்து டெபாசிட் போட வைத்தன வெளிநாட்டு பேங்க்குகள். துபாயின் சோனாப்பூர் கேம்ப்பில் தங்கியிருக்கும் கட்டடத் தொழிலாளிக்கு அந்த ஜன்னல் திறந்ததே தெரியாது. அவர் மாசாமாசம் எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டரில் அன்றைய ரேட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

திருப்பூர் இருக்கும் கொங்கு நாட்டிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் ராமநாதபுரம், தஞ்சை அளவுக்கு இல்லை. திருப்பூரின் வெளிநாட்டு வேலை தொழிலோடு ஒட்டியது. மெர்ச்சண்டைசர், பேட்டர்ன் மாஸ்டர், டையிங் மாஸ்டர் வேலைகளுக்கு டாக்கா, ஜோர்டான், எத்தியோப்பியா. துபாயின் திர்ஹாமும் ஜோர்டான் தினாரும் டாலரோடு கட்டப்பட்டவை. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்பது 1997 முதல் மாறவில்லை. அங்கே சம்பாதிப்பவர் டாலரில் சம்பாதிப்பதற்குச் சமம். எத்தியோப்பியா வேறு. இந்திய நிறுவனங்கள் ஹவாசா தொழிற்பேட்டையில் ஆலை போட்ட அந்த நாடு, 2024 ஜூலை கடைசியில் தன் கரன்சியான பிர்ரை மிதக்கவிட்டது. டாலருக்கு 57 இருந்தது, சில வாரங்களில் 100-ஐத் தாண்டியது. சம்பளத்தில் எந்தப் பகுதி பிர்ரில், எந்தப் பகுதி டாலரில் என்று அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரில் இருக்கும் ஒரே வரி, ஒருவரின் சேமிப்பைப் பாதியாக்கியிருக்கும் அல்லது காப்பாற்றியிருக்கும்.

90 ரூபாய்

2025 டிசம்பர் தொடக்கத்தில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. ஏற்றுமதியாளர்களுக்கு யோகம்தானே என்று தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். ஆனால் அந்த ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்குப் போட்ட வரி, 7-ம் தேதி 25 சதவீதமாகத் தொடங்கி 27-ம் தேதி 50 ஆகியிருந்தது. திருப்பூரின் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாங்கும் நாடு அது. ரூபாய் அந்த வருடத் தொடக்கத்தில் 85-க்கு மேலே இருந்தது, அங்கிருந்து 90-க்கு வந்தது ஐந்தாறு சதவீத ஆதாயம். பையரின் கம்ப்யூட்டரிலும் அதே ரேட் தெரிகிறது. வரியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான் ரூபாயில் கூடுதலாக வருகிறதே என்று மெயில் வரும். ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் மெஷினுக்கும் ஸ்பேர் பார்ட்ஸுக்கும் விலை கூடும். பஞ்சு விலை உலக விலையோடு ஓடும். எதிரே நிற்கும் பங்களாதேஷின் கரன்சியான டாக்காவும் சும்மா இருக்கவில்லை. 2024 மே மாதம் ஒரே நாளில் டாலருக்கு 110-லிருந்து 117 ஆக இறக்கிவிட்டார்கள். போட்டிக்காரரின் கரன்சியும் கூடவே சரிந்தால், நம் சரிவில் என்ன மிச்சம் இருக்கும்?

வெளிநாட்டில் இருப்பவருக்கு மட்டும் இந்த ரேட் கண்ணுக்கு நேராக ஆதாயம். 2007 கடைசியில் 1,000 திர்ஹாம் அனுப்பினால் ஊரில் 10,700 ரூபாய்ச் சில்லறை. 90 ரூபாய் டாலரில் அதே 1,000 திர்ஹாம் 24,500. ரிசர்வ் பேங்க்கின் கணக்குப்படி 2023-24-ல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம், அந்தக் குடும்பங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான், ஊரில் விலைவாசியும் அதற்கிடையில் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது என்பதை மறந்துவிட்டால்.

ரூபாய் புதிய அடிமட்டத்தைத் தொடும்போதெல்லாம் வளைகுடாவில் தவறாமல் நடக்கும் இன்னொன்று உண்டு. எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டரில் வரிசை நீளும். கையில் இருப்பதை அனுப்பியவர்கள், பேங்க்கில் பர்சனல் லோன் எடுத்தும் அனுப்புவார்கள். இந்த ரேட் திரும்ப வராது, அனுப்பி ஊரில் இடம் வாங்கிப் போட்டுவிடலாம் என்று கணக்கு. கையிருப்பை அனுப்புவது ஒன்று. கடன் வாங்கி அனுப்புவது முற்றிலும் வேறு. முதலாவதில், சேர்த்த காசுக்கு நல்ல ரேட் கிடைக்கிறது. இரண்டாவது, ரூபாய் இங்கேயே நிற்கும் அல்லது மீளும் என்று கடன் பணத்தில் கட்டிய பந்தயம். ரூபாய் இன்னும் சரிந்தால், அடுத்த வருடம் இதே இடத்தை இன்னும் குறைந்த திர்ஹாமில் வாங்கியிருக்கலாம். அதுவரை தவணையும் அதன் வட்டியும் திர்ஹாமில்தான் கட்டியாக வேண்டும், வேலை இருக்கிறவரை ஒன்றாம் தேதி சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். வேலை போனால், ஊரில் வாங்கிப்போட்ட இடத்தை அன்றைய ரேட்டுக்கு விற்று, அன்றைய ரேட்டுக்குத் திர்ஹாமாக்கித்தான் அந்தக் கடனை அடைக்க வேண்டியிருக்கும்.